கோபுரத்துக்கு எக்கோ போட்டா என்ன ஆகும்? ஆடியோ சாஃப்ட்வேர்ல ஒரு போட்டோ எடிட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தப்பட்டிருக்கிறது.)

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கேன். ஸ்கிரீன்ல நம்ம திருவண்ணாமலை ராஜகோபுரம். ஒண்ணு இல்ல, நாலு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறத்துல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு நிக்குது. பின்னாடி வந்த அம்மா பாத்துட்டு, "ஏன்டா கோபுரத்தை உடைச்சு வெச்சிருக்க?"ன்னு கேட்டாங்க.

"உடைக்கலம்மா. எக்கோ போட்டேன்."

"எக்கோ பாட்டுக்குத் தானேடா போடுவாங்க?"

சரியான கேள்வி. இன்னிக்கு எபிசோடே அதுதான். பாட்டு எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல ஒரு போட்டோவைத் திறந்து, அதுக்கு எக்கோ போட்டு, மறுபடி போட்டோவா வெளிய எடுக்கிறது. இதை டேட்டாபெண்டிங்னு சொல்வாங்க. கிளிட்ச் ஆர்ட்டுல ஒரு வகை. எப்படிச் செய்றதுன்னு சொல்றேன். அதைவிட முக்கியமா, ஏன் இது வேலை செய்யுதுன்னு சொல்றேன். அது புரிஞ்சதால எங்க வீட்டுல காணாமப் போன ஒரு போட்டோ திரும்பக் கிடைச்சது. அந்தக் கதை கடைசியில.

முதல்ல ஒரு டிடிபி கடைக் கதை

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்குப் போயிருக்கீங்களா? அங்க இருந்து ஒரு ஃபைலை வாங்கி நம்ம கம்ப்யூட்டர்ல திறந்தா, தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனும் கொட்டிக் கிடக்கும். பாமினி ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க. அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல "தமிழ்"ங்கிற வார்த்தை ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன், இப்படித்தான் தெரியும்.

ஃபைல் கெட்டுப் போச்சான்னா, இல்ல. ஒரு பைட் கூட மாறல. அந்தக் கடைக்காரர் கம்ப்யூட்டரும் நம்ம கம்ப்யூட்டரும் ஒரே எண்களைத்தான் படிக்குது. அங்க "ஜே இருக்கிற எண்ணுக்கு த போடு"ன்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. இங்க அது இல்ல, அவ்வளவுதான். யூனிகோடு எல்லா இடத்துக்கும் வர்ற வரைக்கும் டிஸ்கி ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம், பாமினி ஒரு பக்கம்னு ஒரு தலைமுறையே இந்தக் குழப்பத்தோட வாழ்ந்துச்சு.

போட்டோவும் அதேதான். ஹார்ட் டிஸ்க்குல படம்னு தனியா எதுவும் கிடையாது, பாட்டுன்னும் கிடையாது. 0 முதல் 255 வரைக்குமான எண்கள் வரிசையா இருக்கும். "இதை நிறமா படி"ன்னு ஒப்பந்தம் போட்டா படம். "இதை ஒலி அலையா படி"ன்னு போட்டா சத்தம். டேட்டாபெண்டிங்னா, வேணும்னே ஒப்பந்தத்தை மாத்திப் படிக்கிறது.

என்னென்ன வேணும்

ஒரு போட்டோ, அப்புறம் ஆடாசிட்டி. ஆடாசிட்டி இலவச சாஃப்ட்வேர். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பெர்கும் ஆரம்பிச்சது, 2000ல பொதுவெளிக்கு வந்துச்சு. இந்த பாட்காஸ்ட்டையே நான் அதுலதான் எடிட் பண்றேன்.

நான் எடுத்துக்கிட்டது, தேரடி வீதியில நின்னு சாயங்காலம் எடுத்த ராஜகோபுரம். 217 அடி, பதினொரு நிலை. பின்னாடி தெளிவான நீல வானம். அதை 1200க்கு 900 பிக்சலா சின்னதாக்கி, 24 பிட் பிஎம்பியா சேவ் பண்ணிக்கிட்டேன்.

ஏன் பிஎம்பி? போன்ல வர்ற ஜேபெக் சுருக்கப்பட்ட ஃபைல். அதுல ஒரு பைட்டைத் தொட்டா அதுக்குப் பின்னாடி இருக்கிறது மொத்தமும் ஆட்டம் கண்டுடும், பல நேரம் திறக்கவே திறக்காது. பிஎம்பி அப்படி இல்ல. முதல் 54 பைட் ஹெடர். இது எந்த வகை ஃபைல், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு சொல்ற முகவரிச் சீட்டு மாதிரி. அதுக்கப்புறம் பிக்சல் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்: நீலம், பச்சை, சிவப்பு, அந்த வரிசையில.

கணக்குப் போட்டுக்கலாம். 1200 பெருக்கல் 900 பெருக்கல் 3. மொத்தம் 32,40,000 பைட், ஹெடர் தனி. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

செய்முறை

ஒண்ணு. போட்டோவை ஒரு காப்பி எடுத்துட்டு, காப்பியில மட்டும் வேலை செய்யுங்க. இதை ரெண்டாவது தடவையும் சொல்வேன்.

ரெண்டு. ஆடாசிட்டியில ஃபைல் மெனு, இம்போர்ட், ரா டேட்டா. உங்க பிஎம்பியைத் தேர்ந்தெடுங்க. என்கோடிங் யூ-லா, சேனல் மோனோ, சாம்பிள் ரேட் 44,100. மத்ததெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்.

மூணு. இப்ப சுமார் 73 நொடி நீளத்துக்கு ஒரு ஆடியோ வந்திருக்கும். முதல் ஒரு நொடியை மட்டும் தொடாதீங்க. ஹெடர் அங்கதான் இருக்கு. அது கெட்டா ஃபைல் படமாவே திறக்காது. உண்மையில ஹெடர் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு அளவுதான், ஆனாலும் கொஞ்சம் இடம் விட்டுக்கிறது நல்லது.

நாலு. மீதியை செலக்ட் பண்ணி, எஃபெக்ட்ல எக்கோ போடுங்க. டிலே 1 நொடி, டிகே 0.5.

அஞ்சு. எக்ஸ்போர்ட் ஆடியோ. ஃபார்மட்ல "மத்த சுருக்கப்படாத ஃபைல்கள்"ங்கிற பொருள்ல ஒரு தேர்வு இருக்கும். ஹெடருக்கு ரா, என்கோடிங்குக்கு மறுபடி யூ-லா, சேனல் மோனோ. ஃபைல் பெயர் முடிவுல பிஎம்பின்னு போடுங்க. எந்த ஒப்பந்தத்துல உள்ள வந்துச்சோ அதே ஒப்பந்தத்துல வெளிய போகணும்.

ரெண்டு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. ஒண்ணு, ஸ்டீரியோவா எக்ஸ்போர்ட் பண்ணிடுறது. பைட் எண்ணிக்கை இரட்டிப்பாகி படம் கந்தலாயிடும். இன்னொண்ணு டிதர். ஆடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போது காதுக்கு நல்லா இருக்கணும்னு ஆடாசிட்டி ரொம்ப மெல்லிசா ஒரு இரைச்சலைச் சேர்க்கும். பாட்டுக்கு அது நல்லது, படத்துல புள்ளி புள்ளியா வந்து நிக்கும். பிரிஃபரன்ஸஸ்ல குவாலிட்டி பக்கம் போய் அதை நன்-ன்னு வெச்சுடுங்க.

எக்கோ போடுறதுக்கு முன்னாடி கேளுங்க

ஹெட்போன் போட்டிருந்தா வால்யூமை நல்லா குறைச்சுக்கோங்க. உண்மையாவே குறைச்சுக்கோங்க, இது பாட்டு இல்ல.

[ஒலித்துண்டு: கோபுரம் போட்டோவின் கடைசி பத்து நொடி, வால்யூம் குறைக்கப்பட்டது]

கேட்டீங்களா? அடியில தடதடன்னு மோட்டார் ஓடுற மாதிரி ஒண்ணு. அதுக்கு மேல கூர்மையா ஒரு கீச். ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

போட்டோவுல ஒரு வரிக்கு 1200 பிக்சல், அதாவது 3,600 பைட். ஒரு நொடிக்கு 44,100 பைட் ஓடுது. அப்ப நொடிக்கு 12.25 வரி. வானம், கோபுரம், மறுபடி வானம்ங்கிற அமைப்பு நொடிக்குப் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப வருது. அதுதான் அந்தத் தடதட. கோபுரம் மேல போகப் போகக் குறுகுதுல்ல? ஒவ்வொரு தடதடப்புலயும் கோபுரத்துக்கான பகுதி கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வரும்.

அந்தக் கீச் யாருன்னா, வானம். தெளிவான வானத்துல நீலம், பச்சை, சிவப்புன்னு அதே மூணு எண் மாறாம திரும்பத் திரும்ப வரும். மூணு பைட்டுக்கு ஒரு சுற்று. 44,100ஐ மூணால வகுத்தா 14,700. நொடிக்கு 14,700 அதிர்வு, மனுஷக் காதோட மேல் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்தாயி. எனக்குக் காது குத்துற மாதிரி கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். "தடதடன்னு கேக்குது, கீச்செல்லாம் இல்லையே"ன்னாங்க. வயசாக ஆக முதல்ல போறது இந்த உயர்ந்த ஸ்தாயிதான். நம்ம ஊர் நீல வானம் என் காதுக்கு ஒரு சத்தம், அம்மா காதுக்கு நிசப்தம்.

மேகம் மூடின நாள்னா அந்தக் கீச் இருக்காது. சாம்பல் நிறத்துல மூணு எண்ணும் ஏறக்குறைய ஒண்ணு, அதனால அதிர்வு இல்ல. சுத்தமான வெள்ளைப் படம் போட்டா சத்தமே வராது.

இன்னொரு விஷயம். பிஎம்பி படத்தைக் கீழ இருந்து மேல எழுதி வைக்கும். அதனால முதல்ல கேக்கிறது தெரு, அப்புறம் கோபுரம், கடைசியில வானம். சாமி கும்பிடும்போது அடியில இருந்து கலசம் வரைக்கும் கண்ணைத் தூக்கிப் பார்ப்போமே, அதே வரிசை.

நாலு கோபுரம் எங்கிருந்து வந்துச்சு?

மலைக்கு எதிர்ல நின்னு கத்துனா, கொஞ்சம் கழிச்சு உங்க குரலே கொஞ்சம் சன்னமா திரும்ப வரும். அதுதான் எக்கோ. ஃபைல்ல அதைச் செய்றதுன்னா, ஒவ்வொரு சாம்பிளோட ஒரு பங்கையும் 44,100 இடம் தள்ளி மறுபடி கூட்டிடுறது. ஆடாசிட்டிக்கு இது படம்னு தெரியாது. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யுது.

நமக்கு 44,100 பைட்னா 12.25 வரி. பன்னிரண்டு வரி மேல, கால் வரி வலது பக்கம். கால் வரின்னா 300 பிக்சல். அதாவது கோபுரத்தோட எதிரொலி 300 பிக்சல் வலது பக்கமும் பன்னிரண்டு வரி மேலயும் தள்ளி இன்னொரு கோபுரமா விழுது. அதோட எதிரொலி இன்னொரு 300. அதுக்கும் எதிரொலி இன்னொரு 300. நாலாவது தடவை ஒரு முழுச் சுற்று சுத்தி முதல் கோபுரத்துக்குக் கொஞ்சம் மேலயே வந்து நிக்குது. கிழக்கே ராஜகோபுரம், தெக்கே திருமஞ்சன கோபுரம், மேக்கே பேய்கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம்னு கோயில்ல நாலு திசையில இருக்கிறதை ஆடாசிட்டி ஒரே படத்துல நிறுத்தின மாதிரி ஆயிடுச்சு. தற்செயல் இல்ல மக்களே, வெறும் வகுத்தல் கணக்கு. நீங்க 1000 பிக்சல் அகலப் படம் எடுத்தா வேற மாதிரி வரும்.

இப்ப டிலேயை 1க்குப் பதிலா 1.001 வெச்சுப் பாருங்க. தள்ளுற பைட் எண்ணிக்கை மூணால வகுபடாது. நீலத்தோட எதிரொலி சிவப்பு மேல போய் உக்காரும். நிறமெல்லாம் புரண்டுடும்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 10வது நொடியில இருந்து 60வது நொடி வரைக்கும் செலக்ட் பண்ணி ரிவர்ஸ் போடுங்க. அந்தப் பகுதி தலைகீழா, இடவலமா மாறும். அதோட நீலம், பச்சை, சிவப்புங்கிற வரிசை சிவப்பு, பச்சை, நீலமா திரும்பிடும். நீல வானம் ஆரஞ்சு வானமா மாறும். எந்த கலர் ஃபில்டரும் போடல. பின்னாடி இருந்து படிச்சோம், அவ்வளவுதான்.

எக்கோ போட்ட இடத்துல நிறம் ஏன் இப்படிக் கண்ணைப் பறிக்குது? அதுக்குக் காரணம் யூ-லா. அது டெலிபோனுக்காக வந்த முறை. ஒரு சாம்பிளுக்கு ஒரே பைட், அதுக்குள்ள மெல்லிய குரலும் அடங்கணும், சத்தமான குரலும் அடங்கணும். அதனால எண்களைச் சமமா பிரிக்காம, மெல்லிய சத்தத்துக்கு நிறைய எண்ணும் பெரிய சத்தத்துக்குக் கொஞ்சம் எண்ணும் ஒதுக்கிட்டாங்க. 1972ல ஜி.711ங்கிற பெயர்ல சர்வதேசத் தரமாச்சு. அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் யூ-லா, ஐரோப்பாவுலயும் இந்தியாவுலயும் அதோட தம்பி ஏ-லா. அந்தக் கணக்குல 127ங்கிற பைட் நிசப்தம். அடுத்த எண் 128, அதுதான் இருக்கிறதுலயே பெரிய சத்தம். கண்ணுக்குப் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நடுத்தர வெளிச்சம், காதுக்கு ரெண்டு கோடியில நிக்குது. இதுல ரெண்டு சத்தத்தைக் கூட்டினா, திரும்பி வர்ற நிறம் நம்ம கண் எதிர்பார்க்கிற இடத்துல இருக்காது.

ஒரு பைட்டுக்கு ஒரு சாம்பிள்ங்கிறதாலதான் எக்கோ போடாத பகுதி ஏறக்குறைய அப்படியே திரும்பி வருது. நாம உபயோகிக்கிறதும் அதுக்காகத்தான்.

ஒரு சின்னக் குறிப்பு. ஆடியோவை ஸ்பெக்ட்ரோகிராம்ல பார்த்தா முகம் தெரியுற வீடியோ பார்த்திருப்பீங்க. 1999ல ஏஃபெக்ஸ் ட்வின் 'விண்டோலிக்கர்' வெளியீட்டுல தன் முகத்தை ஒரு டிராக்குக்குள்ள ஒளிச்சு வெச்சார். அது வேற முறை. அங்க படத்தை வரையுற மாதிரி சத்தத்தை உருவாக்குறாங்க. நாம புதுசா எதையும் உருவாக்கல, இருக்கிற பைட்டைத் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிடுறோம்.

இதுல கலை எங்க இருக்கு?

"ஆப்ல கிளிட்ச் ஃபில்டர் இருக்கே, இவ்வளவு கஷ்டம் எதுக்கு?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயம்தான். ஆனா அந்த ஃபில்டர் எந்தப் படத்துக்குப் போட்டாலும் ஒரே மாதிரி உடைக்கும். உண்மையான பிழை அப்படி இல்ல.

நெதர்லாந்தைச் சேர்ந்த ரோசா மென்க்மன்னு ஒரு கலைஞர் 2010ல ஒரு வேலை செஞ்சாங்க. தன்னோட ஒரே படத்தை எடுத்து, பல ஃபைல் ஃபார்மட்ல சேவ் பண்ணி, ஒவ்வொண்ணுலயும் பிழையைப் புகுத்தினாங்க. ஒவ்வொரு ஃபார்மட்டும் ஒவ்வொரு விதமா உடைஞ்சது. ஒண்ணு வரி வரியா நகர்ந்தது, ஒண்ணு கட்டம் கட்டமா சிதறிச்சு. நல்லா இருக்கும்போது எல்லாம் ஒரே படம்தான். உடையும்போதுதான் ஒவ்வொண்ணும் எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு வெளிய தெரியுது.

நம்ம வேலையில பக் வரும்போதும் இதானே நடக்குது? ஓடுற சிஸ்டத்தை யாரும் திறந்து பார்க்கிறதில்ல.

கடைசியா, அந்தப் போட்டோ

2016 கார்த்திகை தீபம். சாயங்காலம் ஆறு மணி, 2,668 அடி மலை உச்சியில ஜோதி தெரியுது, ஊரே "அரோகரா"ங்குது. எங்க மொட்டை மாடியில அப்பா நிக்கிறார், பின்னாடி மலை. என் பழைய போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். அப்பாவுக்கு போட்டோன்னாலே பிடிக்காது. அன்னிக்கு ஏதோ மூட்ல நின்னுட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் தவறிட்டார்.

மெமரி கார்டுல இருந்து காப்பி பண்ணும்போது பாதியில ஏதோ ஆகி, அந்த ஃபைல் திறக்கவே இல்ல. கார்டும் அப்புறம் போயிடுச்சு. வேற காப்பி கிடையாது. ஆனா அந்த ஃபைலை டெலீட் பண்ண மனசு வரல. வருஷக்கணக்கா ஒரு ஃபோல்டர்ல சும்மா கிடந்துச்சு.

பிஎம்பி ஹெடரோட விளையாட ஆரம்பிச்சப்புறம்தான் தோணுச்சு: ஃபைல் மொத்தமும் போயிருக்கணும்னு இல்லையே, முகவரிச் சீட்டு மட்டும் போயிருந்தா? ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தேன். ஆரம்பப் பகுதி முழுக்க வரிசையா பூஜ்ஜியம். அதுக்கப்புறம் எண்கள் இருக்கு. அன்னிக்கு அதே போன்ல, அதே அளவுல எடுத்த இன்னொரு போட்டோ நல்லா இருந்துச்சு. அதோட ஹெடரை வெட்டி, இந்த ஃபைலோட பூஜ்ஜியம் இருந்த இடத்துல ஒட்டினேன். ஒரே போன், ஒரே அளவுன்னா ஜேபெக்கைப் படிக்கத் தேவையான அட்டவணைகள் பெரும்பாலும் ஒத்துப் போகும்.

திறந்துச்சு.

முழுசா இல்ல. மேல இருந்த வானம் போயிடுச்சு. படம் மேல ஏறி, அடியில சாம்பல் நிறப் பட்டை. அப்பா தோள் வலது ஓரத்துல வெட்டுப்பட்டு இடது ஓரத்துல தொடருது. எல்லாம் ஒரு மாதிரி ரோஸ் நிறம், உச்சியில இருக்கிற தீபம் மட்டும் பச்சையா தெரியுது. ஜேபெக்ல ஒவ்வொரு கட்டமும் தன் நிறத்தை "முந்தின கட்டத்தை விட இவ்வளவு கூட, இவ்வளவு குறைச்சல்"னுதான் எழுதி வைக்கும். தொடக்கம் போச்சுன்னா அதுக்கப்புறம் எல்லாமே அந்த அளவுக்குத் தள்ளிப் போயிடும். ஆனா கட்டத்துக்குக் கட்டம் இருக்கிற வித்தியாசம் அப்படியே இருந்துச்சு. அதனாலதான் முகம் முகமா இருக்கு.

நகர்ந்த வரிகளை எடிட்டர்ல இழுத்து ஒட்டினேன். நிறத்தை முடிஞ்ச அளவுக்குத் திருப்பினேன். அம்மாகிட்ட பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "வேட்டி வெள்ளை இல்லடா, காவி. அன்னிக்குக் காவி கட்டியிருந்தாரு"ன்னாங்க. திரும்ப உக்காந்து அதை மாத்தினேன்.

சரி, ரெண்டாவது தடவை சொல்றேன்னு சொன்னேன்ல. முக்கியமான போட்டோன்னா ரெண்டு இடத்துல காப்பி வைங்க. கார்டுல ஏதாவது காணாமப் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கார்டுல அதுக்கப்புறம் புதுசா எதையும் எடுக்காதீங்க, பழைய பைட் மேலயே போய் உக்காந்துடும். திறக்காத ஃபைலை உடனே டெலீட் பண்ணாதீங்க. கெட்டது ஃபைலா, படிக்கிற ஒப்பந்தமான்னு முதல்ல பாருங்க.

இந்த வாரம் உங்க தெருவை ஒரு போட்டோ எடுங்க. காப்பி போட்டு, எக்கோ போட்டுப் பாருங்க. உங்க வானம் எந்த ஸ்தாயில கேக்குதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா.